நீல அம்பு காற்று, சிவப்பு அம்பு வெயில்

உன் மகள் அனுப்பிய பொட்டலம் நேற்று வந்தது. பழுப்புத் தாளைப் பிரித்ததும் புது அச்சு மையின் வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு மெல்லிய புத்தகம். அட்டையில் வயல்களுக்கு நடுவே நிற்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் படம். தஞ்சாவூர்ப் பக்கம் நீ கட்டிய கட்டடங்களை, உன்னிடம் வேலை பார்த்த பொறியாளர்கள் சிலர் படம் எடுத்துத் தொகுத்திருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் எல்லாப் பக்கங்களையும் நீயே பார்த்துக் கொடுத்தாயாம். புத்தகம் வந்தபோது நீ இல்லை. உன் மகள் இதையெல்லாம் கடிதத்தில் எழுதியிருந்தாள். நீ போய் நான்கு மாதம் ஆகிறது.

அந்தச் செய்தியே போதுமான அடி. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கை ஏதாவது செய்ய வேண்டுமே என்று புத்தகத்தின் முதல் தாளைப் புரட்டினேன். வெள்ளைப் பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வரி.

“என் உயிரைத் திருப்பித் தந்த நண்பன் சூசைக்கு.”

புத்தகம் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அடுப்படியிலிருந்து மருமகள் ஓடி வந்தாள்.

“என்னா மாமா, நெஞ்சு வலிக்குதா?”

“ஒன்னும் இல்லம்மா. ஒரு கூட்டாளி செத்துட்டான்.”

அவள் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். குடிக்கும்போதும் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருக்க வேண்டியது என் பெயர் அல்ல. இது உனக்குத் தெரியாமலே போய்விட்டது. இத்தனை வருடம் நீ இதை நம்பிக்கொண்டிருந்தாய் என்பதை நான் அறிவேன். ஆனால் அதை அச்சில் ஏற்றும் அளவுக்கு, ஒரு வாழ்நாளின் வேலைக்கு முன்னால் வைக்கும் அளவுக்கு நம்பினாய் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. இன்று காலை உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்து மூன்றாவது வருடமோ நான்காவதோ, நீ எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தாய். நான் அங்கே ஆபீசில் கணக்கு எழுதும் இரண்டாவது கிராணி. கோல சிலாங்கூர் ஆங்கிலப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாம். அதற்குப் பிறகு நீ நில அளவை ஆபீசில் படம் வரையப் போய்விட்டாய். தோட்டத்தின் நாலு மூலையிலும் சிதறிக் கிடந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைப் பிரித்து, சனங்களை எல்லாம் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கொண்டுவந்து குடிவைக்க வேண்டும் என்று உத்தரவு. சுற்றிலும் முள்வேலி. ஒரே ஒரு கேட். கேட்டை ஒட்டி ஒரு போலீஸ் சாவடி. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாது என்று காலையில் வேலைக்குப் போகிறவர்களின் வாளியையும் மடியையும் அங்கே சோதித்து அனுப்புவார்கள். அந்த வேலிக்குள் புது லயங்களுக்குப் பிளான் போட்டு, கட்டும்போது கூட நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. உன் பெயரைத் தோட்ட மேனேஜரான பெரிய துரையிடம் சொன்னவன் நான்.

என் அறைக்கு அடுத்த அறையில் தங்கினாய். ஒரு வாரத்துக்குள் தோட்டமே உன்னைப் பிளான்காரர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அந்த ஆங்கிலச் சஞ்சிகையை உனக்குக் கொடுத்தவனும் நான்தான். பெரிய துரை பங்களாவிலிருந்து எரிப்பதற்காகப் பழைய தாள்களைக் கட்டி ஆபீசுக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டில் வீடுகளின் படம் போட்ட ஒரு சஞ்சிகை இருந்தது. உனக்குப் பிடிக்குமே என்று யாருக்கும் சொல்லாமல் எடுத்து வந்தேன். இதழ் முழுக்க ஒரே ஒரு கட்டடக் கலைஞரைப் பற்றி. ஐரோப்பாவில் பெரிய பெயராம். உலகமெங்கும் இளைஞர்கள் அவரைப் பார்த்துக் கட்டுகிறார்களாம். அவர் பெயரை எப்படி உச்சரிப்பது என்று நம் இருவருக்கும் தெரியவில்லை. நீ அவருக்கு “நம்ம ஆளு” என்று பெயர் வைத்துவிட்டாய்.

எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கவில்லை என்பதும் உனக்கு நினைவிருக்கும். கூரையே இல்லாதது போன்ற தட்டை வீடு. தூண்களின்மேல் தூக்கி வைத்த பெட்டி. “கக்கூஸ் மாதிரி இருக்குடா” என்றேன். உனக்குக் கோபம் வரவில்லை. சஞ்சிகையைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தாய்.

“வீட்ட பாக்காத. வீட்டுக்குள்ள எது வருது, எது வரலைன்னு பாரு. வெயிலும் காத்தும் ஒரே பக்கமிருந்து வருது. ஒன்ன விடணும், ஒன்ன நிறுத்தணும். நம்ம ஆளு சன்னலுக்கு வெளிய பலகையச் சாய்ச்சு வச்சு ரெண்டையும் பிரிச்சிட்டாருடா.”

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சைக்கிளில் சுங்கை புரோங் வரை இழுத்துக்கொண்டு போனாய். வயலோரம் கால்மேல் நிற்கும் ஒரு மலாய் வீட்டைக் கண்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு அதன் அடியில் குனிந்து நுழைந்தாய். வீட்டுக்காரப் பெரியவர் படியில் வந்து நின்று, என்ன தேடுகிறாய் என்று மலாயில் கேட்டார். “சாரி ஆங்கின்” என்றாய். காற்றைத் தேடுகிறேன் என்று. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சூசை, இங்க வாடா, குனி” என்று என்னையும் உள்ளே இழுத்தாய். மேலே தரைப் பலகைகளின் இடுக்கு வழியாகக் காற்று வீட்டுக்குள் ஏறுவதை உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னாய். “நம்ம ஆளு சிமெண்டுல செஞ்சத இவங்க கட்டையில செஞ்சு வச்சிருக்காங்க. அவர் இங்க வந்திருந்தா இந்தப் படியிலதான் உக்காந்திருப்பாரு.”

அன்று முதல் நானும் கட்டடங்களை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

வேலிக்குள் முதல் வரிசையாக ஆறு வீடுகளை உன் விருப்பப்படி கட்ட பெரிய துரை சம்மதித்தார். பழைய லயங்களைப் பிரித்த மரமே போதும் என்று நீ சொன்னதால் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். தரையை இடுப்பளவு தூக்கினாய். மேற்குப் பக்கம் முழுக்கச் சாய்வுப் பலகைகள். அடுப்பைக் காற்று வெளியேறும் மூலைக்குத் தள்ளினாய். கட்டுவதற்கு முன், குடிவரப் போகிற ஆறு குடும்பங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேசினாய். எந்த நேரத்தில் எங்கே உட்காருவீர்கள், எங்கே தூங்குவீர்கள், பிள்ளையை எங்கே கிடத்துவீர்கள் என்று கேட்டுக் கேட்டுத் தாளில் குறித்தாய். அவர்கள் பார்க்கப் பார்க்க, காற்றுக்கு நீலமும் வெயிலுக்குச் சிவப்புமாகக் குறித்தாய்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி அஞ்சலை. பால்மரம் சீவுகிறவள், புருஷன் மரம் விழுந்து செத்துப்போனவர், இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளுக்கு மூச்சு இழுப்பு. பழைய லயத்தில் சமையல் புகை வெளியே போக வழியில்லாமல் அந்தப் பிள்ளை படாத பாடு படும். புது வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் நாம் அந்தப் பக்கம் போனபோது அஞ்சலை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“பிளான்காரரே, சின்னது நேத்து முழுக்க இருமவே இல்ல. காத்துக்கு நீங்க என்னா மருந்து போட்டீங்க?”

நீ வெட்கப்பட்டு என்னைப் பார்த்தாய்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து சனங்கள் கேட்டில் வரிசை நின்ற நேரம். நீ கோல சிலாங்கூருக்குப் போவதற்காகச் சைக்கிளோடு அதே வரிசையில் நின்றாய். சைக்கிள் பாரில் சுருட்டிக் கட்டிய படத்தாள்கள். அவற்றை அவிழ்க்கச் சொன்னார்கள். அன்றைக்கென்று புதிதாக வந்த ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி கேட்டில் இருந்தார்.

நான் ஆபீஸ் சன்னலிலிருந்து பார்த்தேன். முதலில் உன் சைக்கிள் விழுந்தது. பிறகு இரண்டு பேர் உன் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். நீ கழுத்தைத் திருப்பி என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாய். வரிசையில் நின்றவர்கள் அசையவில்லை. உன்னை லோரியில் ஏற்றிவிட்டு அந்தத் தாள்களை ஆபீசுக்குக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தார்கள்.

மூன்று படங்கள். ஒன்று அஞ்சலையின் வரிசை. ஒன்று பெரிய துரையின் பங்களா. ஒன்று கேட்டிலிருக்கும் போலீஸ் சாவடி. மூன்றிலும் நீலத்திலும் சிவப்பிலும் அம்புக்குறிகள். பங்களாவின் படுக்கையறைச் சன்னலை நோக்கி நீல அம்புகள். போலீஸ் சாவடியை மேற்கிலிருந்து குத்துவதுபோல வரிசையாகச் சிவப்பு அம்புகள். கூடவே பங்களாவின் முத்திரை குத்திய அந்தச் சஞ்சிகை.

எங்கெங்கிருந்து தாக்கலாம் என்று காட்டுக்கு வரைந்து அனுப்புகிற வரைபடம் என்றார் அதிகாரி. பெரிய துரை முகம் வெளுத்துப்போய் அந்த அம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி என்னிடம் திரும்பினார்.

“இது என்னவென்று உனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியும். நீ ஒவ்வொரு அம்பாக வரைந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்தவன் நான். இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் கண் அந்தச் சஞ்சிகையின் முத்திரையில் நின்றுவிட்டது. இதை எடுத்து வந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். உன்னைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று அதற்கடுத்த கேள்வி. வெளியே லோரியின் இரைச்சல். உள்ளே உன்னைப் பிடித்த அதே இரண்டு பேர். அந்த நாளில் கேள்வி முறை கிடையாது; உள்ளே போட்டால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது; சிலரை அப்படியே இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவதாகவும் சொல்வார்கள்.

“தெரியாது, சார்” என்றேன்.

லோரி கிளம்பிற்று. நான் சொன்னதை நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் புத்தகத்தின் முதல் பக்கம் வெறுமையாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் அஞ்சலை ஆபீஸ் பின்பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

“கிராணி, உங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியும். போயி சொல்லுங்க. அது காத்தும் வெயிலும்னு சொல்லுங்க.”

“பாக்கலாம் அஞ்சலை.”

ஐந்தாம் நாள் மறுபடி வந்தாள். “போனீங்களா?” என்றாள். போலீஸ் துரை ஊரில் இல்லை என்றேன். பொய். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் நாள் அந்த அதிகாரி தோட்டத்துக்கு வந்திருந்தார். பெரிய துரையின் அறையில் உன் படங்களை மறுபடியும் விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்களை விசாரிக்கும்போது மொழிபெயர்க்க என்னையும் அங்கே வைத்திருந்தார்கள். ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் அஞ்சலை நேரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். வேலை வாங்கும் மண்டோர் பின்னால் ஓடி வந்து, “ஏய், வெளிய வா” என்று கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டாள்.

“தொரை, இது என் வீடு” என்று படத்தில் விரலை வைத்தாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன்.

“இதான் என் அடுப்பு. இங்க சின்னது படுக்கும். இது அம்பு இல்ல தொரை. நீலம் காத்து, மத்தியானத்துக்கு மேல கடல் பக்கமிருந்து வரும். செவப்பு வெயிலு, அதுவும் அந்தப் பக்கந்தான். ஒன்ன விட்டு ஒன்ன நிறுத்தத்தான் இந்தப் பலகை.”

தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள் அவள். நான் இங்கிலீசில் சொல்லிக்கொண்டே அசந்துபோனேன். அதிகாரி பேசாமல் சாவடியின் படத்தை எடுத்து அவள் முன்னால் போட்டார். இது அவள் வீடு அல்ல. அவள் அதற்குள் போனதுமில்லை. நானே பயந்துவிட்டேன். அவள் அதை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்து, படத்தின் மேற்கைச் சரியாகக் கடல் இருக்கும் பக்கம் திருப்பி வைத்தாள்.

“இது கேட்டுக்கிட்ட இருக்கிற மாத்தா கொட்டாயி, போலீசு எடம். பாருங்க, இதுல செவப்பு மட்டுந்தான் இருக்கு. நீலமே இல்ல. அதான் உங்க ஆளுங்க மத்தியானம் உள்ள இருக்க முடியாம மரத்தடியில குந்தியிருக்காங்க.”

நான் அதை மொழிபெயர்த்தபோது பெரிய துரை சன்னல் வழியாக கேட்டைப் பார்த்தார். சாவடியின் போலீஸ்காரர்கள் மூன்று பேரும் மரத்தடியில் இருந்தார்கள்.

அதிகாரி அதோடு விடவில்லை. பிற்பகல் மூன்று மணி வரை காத்திருந்தார். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கழற்றி, குனிந்து உள்ளே போய், நடுவில் நின்று ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார். வரிசை வீடுகளின் சனமெல்லாம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. சிகரெட் புகை மேலே ஏறி, சாய்வுப் பலகைப் பக்கமிருந்து வந்த காற்றில் வளைந்து, நீ வரைந்த நீலக் கோட்டின் வழியே அடுப்பு மூலைக்குப் போய் கூரை இறவாணத்தின் அடியில் வெளியேறியது. அவர் படத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். இன்னொரு சிகரெட்டைப் பற்ற வைத்தார். அதுவும் அதே வழியில் போனது.

உன் நம்ம ஆளின் கலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டை நான் இதுவரை எந்தச் சஞ்சிகையிலும் படித்ததில்லை.

ஆபீசுக்குத் திரும்பியதும் அதிகாரி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். பால்மரம் சீவுகிற பெண் சொன்னாள் என்று எழுதினால் கோலாலம்பூரில் யாரும் படிக்கமாட்டார்கள். இந்தப் படங்களின் பொருள் உனக்குத் தெரியும் என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். பிறகு கண்ணைச் சுருக்கி, “அன்று தெரியாது என்றாயே?” என்று கேட்டார்.

“இப்போது தெரியும், சார்.”

எங்கள் பின்னாலேயே வந்த அஞ்சலை இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். “நா எங்க ரேகை வைக்கணும் கிராணி?” என்று கட்டைவிரலை நீட்டினாள்.

“வேணாம். நீங்க போங்க” என்றேன்.

அவள் சொன்னதையெல்லாம் நான் சொன்னதாக எழுதினேன். காற்று, வெயில், பலகை, சாவடி, மரத்தடி எல்லாம். நல்ல இங்கிலீசில் எழுதினேன். அடியில் என் கையெழுத்து.

மூன்று வாரம் கழித்து உன்னை விட்டார்கள். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெரிய துரை உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே இனி யாரும் வேலை தரமாட்டார்கள், ஊருக்கே போகிறேன் என்றாய். பிறந்தது இங்கே, ஊர் என்பது உன் அப்பா சொல்லக் கேட்டது மட்டும்தான். கோல சிலாங்கூர் பஸ் ஸ்டாண்டில் கிள்ளான் பஸ்ஸுக்காக நின்றபோது என் இரண்டு தோளையும் பிடித்தாய்.

“உன் கையெழுத்தப் பாத்தேன்டா. எங்கிட்ட காட்டுனாங்க. அதப் படிச்சு முடிச்சதும் உக்காந்து அழுதுட்டேன். நா சொல்லிக் கொடுத்தப்பல்லாம் நீ கேக்கவே இல்லன்னு நெனச்சேன். ஒன்னு விடாம எழுதியிருக்க.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நான் சொன்னது இதுதான்: “அதெல்லாம் பேசாத. உடம்பப் பாத்துக்க.” அதை நீ அடக்கம் என்று எடுத்துக்கொண்டாய். உன் முகத்தில் அது தெரிந்தது. போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறிய பிறகு நாகப்பட்டினத்திலிருந்து எழுதினாய். பிறகும் எழுதினாய். ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் நான்கு வரியில் மழையைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் பதில் எழுதி அனுப்பினேன்.

மீதி லயங்களைக் குத்தகைக்காரர் பழைய மாதிரியே பின்பக்கத்தை அடைத்துக் கட்டினார். உன் ஆறு வீடுகள் மட்டும் தனியாக நின்றன.

நேற்று மாலை மனதைத் திடப்படுத்திக்கொண்டு உன் புத்தகம் முழுவதையும் பார்த்தேன். எத்தனை கட்டியிருக்கிறாய்! நம்ம ஆளின் சிமெண்டு அடுக்குகளை நீ காப்பியடிக்கவில்லை. வயல்வெளிப் பள்ளிக்கூடத்தில் மேற்குச் சுவரையே ஓட்டைச் செங்கல்லால் கட்டிவிட்டாய். பிள்ளைகளின் முதுகில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது, முகத்தில் விழவில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் கட்டில்களை வரிசையாகப் போடாமல் ஒவ்வொன்றையும் ஒரு சன்னலுக்குத் திருப்பியிருக்கிறாய். அந்தப் பக்கத்தில் ஒரு பொறியாளர் எழுதியிருக்கிறார்: எந்தக் கட்டடத்தைத் தொடங்கும் முன்பும் ஐயா அங்கே இருக்கப்போகிறவர்களிடம், எந்த நேரத்தில் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்பார், பிளான் படிக்கத் தெரியாதவர் என்று யாரும் இல்லை, காட்டத் தெரியாதவர்கள்தான் நாம் என்பார். உலகப் புகழ் பெற்ற அந்தக் கலைஞரின் தாக்கம் என்று அவர் முடிக்கிறார். அது உண்மைதான். பாதி உண்மை.

இதைத் தொடங்கும் முன்பே, விடிந்ததும் உன் மகளுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மறுபடி அச்சிட்டால் முதல் பக்கத்தில் அஞ்சலை என்று போடச் சொல்லியிருக்கிறேன். உன் மகள் என்ன நினைப்பாளோ தெரியாது. உனக்கு எழுத வேண்டியது இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

அவசரகாலம் ஓய்ந்துகொண்டிருந்த வருடம், எங்கள் தோட்டத்து வேலியைப் பிரித்தார்கள். ஆட்கள் முள்கம்பியைத் தடியில் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டு போனார்கள். அஞ்சலையின் மூத்த மகளை சுங்கை பெசாரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சின்னவளையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறாள் என்று பெயரைத் தோட்டப் பதிவேட்டிலிருந்து எடுக்க ஆபீசுக்கு வந்தாள். வேலை முடிந்தும் போகாமல் கதவோரம் நின்றாள்.

“கிராணி, ஒன்னு கேக்கணும். பிளான்காரருக்குத் தெரியுமா, நாந்தான் வந்து சொன்னேன்னு?”

பேனாவைக் கீழே வைத்தேன். அவள் இதை ஒரு நாளாவது கேட்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

“தெரியும்” என்றேன்.

“யாரு சொன்னா?”

“நாந்தான் சொன்னேன்.”

“என்னா சொன்னாரு?”

அதற்கு நான் தயாராக இல்லை.

“அந்தம்மா மாதிரி பிளான் படிக்கத் தெரிஞ்சவங்கள நா பாத்ததே இல்லன்னாரு.”

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “போங்க கிராணி, பொய் சொல்லாதீங்க” என்றாள். அவள் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, கூச்சம். படியிறங்கி நாலு அடி போனவள் நின்று திரும்பினாள்.

“அப்படியேவா சொன்னாரு?”

“அப்படியேதான் சொன்னாரு.”

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் செத்து வெகுநாள் ஆகிறது. நீ சொல்லாத அந்த ஒரு வரியை உன் வாயில் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவளும் கடைசி வரை அதை வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். அவள் செய்தது தெரிந்திருந்தால் நீ அப்படித்தான் சொல்லியிருப்பாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல முடியாமல் செய்தவன் நான் என்பதும் அதே அளவுக்குத் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்தேன். இனியும் அப்படித்தான்.